கலியாணக் கசெற்றில் ஒரு ஜேர்மன் நகரம்

கடைக்காரப் பெண் தொலைபேசியில் அழைத்தபோது நான் பள்ளிக்கூட பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன ஒற்றைக் கையுறையை ஆசனத்துக்குக் கீழிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, நீங்கள் தந்த கசெற் கலியாண வீடில்லை,” என்றார். “உது ஏதோ ஜேர்மன் படம். கறுப்பு வெள்ளை. ட்ராம் ஓடுது, சனம் போகுது, வருது. கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்திட்டு நிப்பாட்டிப்போட்டன்.”

“வடிவாப் பார்த்தனிங்களோ? கவரில கலியாண வீடு எண்டு எழுதியிருக்கு.”

“கவரில எழுதியிருக்கு அண்ணை. உள்ளுக்கு இல்லை.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதுவும் அந்தப் பெண்மேல். வேறு யாருடைய கசெற்றையோ மாற்றிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் கலியாண வீடியோ எடுத்துக்கொடுப்பவர்களில் அவர் நிதானமானவர், பழைய கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிற வேலையையும் பொறுப்பாகச் செய்பவர். ஆனாலும் பிழை அங்கேதான் நடந்திருக்க வேண்டும் என்று என் மனம் அடம்பிடித்தது. அங்கே நடக்கவில்லை என்றால் வேறெங்கோ நடந்திருக்க வேண்டும், அதை நினைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கசெற் என் அக்காவின் கலியாணம். முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. அப்போது நாங்கள் ஜேர்மனியின் மேற்கில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதியில் ஒரு சிறிய நகரத்தில் இருந்தோம். தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நண்பர்களே சமைத்து, நண்பர்களே பந்தல் கட்டி நடத்திய கலியாணம் அது. அம்மா மூன்று மாத விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். கலியாணம் முடிந்து திரும்பிப் போனவரை நாங்கள் மறுபடி காணவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு, சண்டைக்குள் இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். செய்தி எங்களுக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலானது. செத்தவீட்டில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? அந்த நேரத்தில் கமரா வைத்திருந்தவன் அதை அரிசிக்கு மாற்றியிருப்பான்.

ஆக, அம்மா அசைவதும் பேசுவதும் உலகத்தில் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. அந்தக் கசெற்றில்.

அக்காவும் அத்தானும் கலியாணம் முடிந்த அடுத்த வருடமே கனடாவுக்கு வந்துவிட்டார்கள். நான் பின்னால் வந்தேன். ஐரோப்பாவில் பதிந்த கசெற் இங்கேயுள்ள வீடியோ டெக்கில் ஓடாது, மாற்றிக் கொடுக்கிற கடைகளுக்குத்தான் போகவேண்டும். போவோம் போவோம் என்று இருந்தபோதே அம்மாவின் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அக்கா அதை ஒரு சேலைத் துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எத்தனை தடவை கேட்டிருப்பேன். தாருங்கோ, மாற்றிக்கொண்டு வாறன் என்று. “எனக்குப் பார்க்கேலாது” என்பதுதான் எப்போதும் பதில். பார்க்கவேண்டாம், மாற்றியாவது வைப்போம், கசெற் என்பது பூஞ்சணம் பிடிக்கிற சாமான் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அலுமாரி திறக்கவில்லை.

இந்த வருடம் அவராகவே கூப்பிட்டார். மோர்னிங்சைட்டில் அவர்களுடைய தொடர்மாடி வீட்டுக்குப் போனபோது அந்தச் சேலைப் பொட்டலம் மேசையில் தயாராக இருந்தது.

“அம்மா என்னைக் குஞ்சு எண்டு கூப்பிடுறவ, ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அந்தச் சொல்லு ஞாபகம் இருக்கு. குரல் எனக்கு வருகுதில்லை. ஒரு கிழமையா முயற்சி பண்ணிப் பார்க்கிறன். முகம் போட்டோவில இருக்குத்தானே. குரலுக்கு நான் எங்க போறது?”

இதைத்தான் நான் அவிழ்த்தும் பாராமல் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது கடைக்காரப் பெண் ட்ராம் ஓடுகிறது என்கிறார்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் பின்னேரம் ஏற்றும்வரை எனக்கு நடுவில் சில மணித்தியாலங்கள் இருக்கும். நேரே கடைக்குப் போனேன். அவர் கணினியில் போட்டுக் காட்டினார். கசெற் மாறவில்லை. திரையில் ஓடியது நாங்கள் இருந்த அதே நகரம்தான், ஆனால் நாங்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முந்தியது. தேவாலயக் கோபுரத்தை உடனே அடையாளம் கண்டேன். சுரங்கத்திலிருந்து கரி அப்பிய முகங்களோடு ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு நீச்சல் குளத்தின் திறப்பு விழா. வாத்தியக் கோஷ்டியின் ஊர்வலம். ஒவ்வொரு தெருவையும் பெயர் சொல்லிச் சொல்லி ஒரு ஆண்குரல் ஜேர்மன் மொழியில் விளக்கியது. இரண்டாம் உலகச் சண்டைக்கு முன், சண்டையின்போது, சண்டைக்குப் பின் என்று எங்கள் பகுதியின் பழைய படத்துண்டுகளைத் தேடியெடுத்துத் தொகுத்த நிகழ்ச்சி என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள். தொலைக்காட்சியிலிருந்து பதிந்திருந்தது.

யாரோ அம்மாவின்மேல் அதைப் பதிந்திருந்தார்கள்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த வீட்டில் டெக்கை ஆட்டிப் படைத்தவர் அத்தான். ஜேர்மன் மொழி படிக்கிறேன் என்று செய்தி, காலநிலை, மாட்டுப் பண்ணை நிகழ்ச்சி எல்லாவற்றையும் பதிந்து வைத்துப் பார்ப்பார். அக்காவுக்கு ஒன்றும் சொல்லாமல் அவரைக் கோப்பிக் கடைக்கு வரச்சொன்னேன். ஓய்வு பெற்ற மனிதர், பாவம், நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்தார். ஏதோ மகிழ்ச்சியான விஷயம் என்று நினைத்திருக்கிறார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் பதியேல்லை.”

“பின்ன ஆர்? பேயோ?”

“பதியேலாது. கசெற்றின்ர முதுகில ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை உடைச்சால் பிறகு ஒருத்தரும் மேல பதியேலாது. வீடியோக்காரன் கொண்டுவந்து தந்த அண்டைக்கே நான் கத்தியால உடைச்சனான்.”

“உடைச்சால் எப்பிடி உள்ளுக்கு ட்ராம் ஓடுது?”

“எனக்குத் தெரியாது. நான் உடைச்சனான்.”

“நீங்கள் எதைத்தான் ஒழுங்காச் செய்தனிங்கள்? தாலி கட்டின அண்டைக்கே மண்டபக் கதவின்ர திறப்பைத் துலைச்ச ஆள் நீங்கள்.”

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். இன்னும் இரண்டு மூன்றும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அத்தான் எழும்பவும் இல்லை, திருப்பிச் சொல்லவும் இல்லை. “நான் உடைச்சனான்” என்று மட்டும் மூன்றாம் தடவையும் சொன்னார். அந்த மனிதரோடு சண்டை பிடிக்கவும் முடியாது, சுவரோடு பேசுவதும் அவரோடு பேசுவதும் ஒன்று.

அடுத்த நாள் கசெற்றைத் திருப்பி வாங்கக் கடைக்குப் போனேன். அத்தானின் முகத்தில் அறைகிறமாதிரி அந்தத் தகடு உடையாமல் இருப்பதைக் காட்டவேண்டும் என்பதுதான் நோக்கம். கவரிலிருந்து உருவி முதுகைத் திருப்பினேன். தகடு உடைந்துதான் இருந்தது. உடைந்த ஓட்டையை மூடி பசையுள்ள ஒரு நீல நிற ரேப் துண்டு ஒட்டியிருந்தது.

அந்த நீல ரேப்பை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அப்போது ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். வெட்டிவைத்த மரக்கறிப் பெட்டிகளின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுகிற ரேப் அது, எப்போதும் என் பொக்கற்றில் ஒரு சுருள் கிடக்கும். துண்டில் பேனையால் எழுதிய ஒரு ஜேர்மன் சொல் பாதி மங்கித் தெரிந்தது. வெங்காயம். கோணல் மாணலான அந்தக் கையெழுத்து என்னுடையது.

கடையில் நின்ற நிலையிலேயே எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

எங்களுக்குக் கீழ்மாடியில் ஒரு வயதான ஜேர்மன் அம்மையார் இருந்தார். நாங்கள் தாளிக்கிற மணத்துக்குக் கதவைத் தட்டி முறைப்பாடு சொல்வதைத் தவிர எங்களோடு அவருக்கு வேறு பேச்சில்லை. ஒருநாள் அவரே படியேறி வந்து, முகத்தைச் சுளிக்காமல், ஒரு உதவி கேட்டார். எங்கள் நகரத்தின் பழைய படங்கள் இன்றிரவு தொலைக்காட்சியில் வரப்போகின்றன, தான் பிறந்த இந்தத் தெருவும் வரும் என்கிறார்கள், தனக்கோ கண்ணுக்குச் சத்திரசிகிச்சை, ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும், உங்களிடம் டெக் இருக்கிறதே, பதிந்து தருவாயா?

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்டில் என்னிடம் ஒருவர் உதவி கேட்டது அதுதான் முதல்தடவை. எல்லோரிடமும் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் டெக்கில் நேரத்தை அமைத்தேன். உள்ளே ஏற்கனவே ஒரு கசெற் கிடந்தது. வாடகைக்கு எடுத்து நாங்கள் பதிந்துகொண்ட தமிழ்ப்படக் கொப்பிகள்தான் எப்போதும் அதற்குள் கிடக்கும், இதுவும் அதுதான் என்று நினைத்தேன். பதியச் சொன்னதும் டெக் அதை வெளியே துப்பியது. பார்த்தால் தகடு இல்லை. அதற்கு ரேப் ஒட்டுகிற வித்தை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், பழைய படத்தின்மேல் புதுப்படம் பதிய எல்லோரும் செய்வதுதான். வேலையில் ஒட்டாமல் மிஞ்சிய ஒரு துண்டு என் சேட்டில் ஒட்டிக்கிடந்தது. அதை உரித்து ஓட்டையை மூடி, உள்ளே தள்ளிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

முதல்நாள் அக்கா கலியாண வீட்டைப் பார்த்து, நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, கசெற்றை எடுக்காமல் விட்டிருக்கிறார். அடுத்தநாள் மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு, இரவு வேலைக் களைப்பில் நான் அரைத்தூக்கத்தில் இருக்க, அந்த அம்மையார் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாலையில் வந்த அக்கா, தான் விட்ட கசெற் தான் விட்ட இடத்தில் இருக்கக் கண்டு, எடுத்து அதன் கவருக்குள் வைத்திருப்பார். அடுத்த மாதம் அது கனடாவுக்கு விமானம் ஏறியது.

அந்த அம்மையாருக்காவது பிரயோசனப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. ஒரு கண்ணில் கட்டோடு, மேலங்கியைக் கழற்றாமல், எங்கள் கதிரை நுனியில் இருந்து முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் எழுந்து, “எங்கள் தெரு வரவில்லை” என்றார். என்னவோ நான்தான் அந்தத் தெருவை வெட்டி எறிந்ததுபோல என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த கிழமை தாளித்த மணத்துக்கு மறுபடி கதவைத் தட்டினார்.

“அண்ணை, என்ன? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு,” என்றார் கடைக்காரப் பெண்.

“கசெற்றைக் கடைசி மட்டும் ஓடவிடேலுமோ? படம் முடிஞ்ச பிறகு ஏதாவது மிச்சம் கிடக்கலாம்.”

“வேகமாச் சுத்திப் பார்க்கட்டோ?”

“பழைய நாடா. அறுந்தாலும் அறுந்திடும். உள்ளபடியே ஓடட்டும்.”

அப்படித்தான் நான் ஸ்காபரோவில் ஒரு வீடியோக் கடையின் பின்னறையில், மாலை மாலையாக மணவறைப் பூக்கள் தொங்கிய மூலையில் இருந்து, ஒரு ஜேர்மன் நகரத்தின் சண்டையை முழுவதுமாகப் பார்க்க நேர்ந்தது.

நீச்சல் குளத்துக்குப் பிறகு கொடிகள் கூடின. கைகளை நீட்டிக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் சனம் நின்றது, சின்னப் பிள்ளைகளும் நின்றார்கள். “உவையள்தானே சண்டையைத் துவக்கினவை?” என்று கடைக்காரப் பெண் கேட்டார். ஓம் என்றேன். அவர் தேநீர் போடப் போய்விட்டார். பிறகு குண்டுகள் விழுந்தன. யாரோ ஒருவன் கூரையில் ஏறிநின்று ஊர் எரிவதைப் படம் எடுத்திருக்கிறான், கை நடுங்கியது தெரிந்தது. அதற்குப் பிறகு கற்குவியல். பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். ட்ராம் மறுபடி ஓடியது. எல்லாவற்றுக்கும் படம் இருந்தது, தெருப்பெயர் இருந்தது, எங்கிருந்து எடுத்தது என்று ஒரு குரல் சொன்னது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. சண்டையைத் தொடங்கியவர்களுக்கு இத்தனை சுருள் மிஞ்சியிருக்கிறது. அம்மா கடைசியாக ஓடிய வழியில் எடுத்த ஒரு அடி படம் எங்களிடம் இல்லை. இருந்த ஒரேயொரு கசெற்றிலும் அம்மாவை அழித்து இவர்களுடைய சண்டையைப் பதிந்துவைத்த கெட்டிக்காரன் நான்.

கற்குவியல்களுக்கு நடுவில் ஒரு கட்டடம் வந்தது. கூரை இல்லை, ஆனால் வாசல் வளைவையும் அதன் பக்கத்து வெதுப்பகத்தின் படியையும் எனக்குத் தெரியும். அது நாங்கள் குடியிருந்த வீடு. அந்த அம்மையாரின் தெரு வந்திருக்கிறது. நாலு செக்கன். ஒரு கண்ணில் கட்டோடு இருந்து, அவர் அதைத் தவறவிட்டிருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்வது? அவர் செத்து எத்தனை வருடமோ.

நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடின. காலநிலைச் செய்தி தொடங்கியது. நடுவில் திரை வெள்ளையாகக் கொட்டியது, கோடு கோடாக இழுத்தது. பிறகு சடாரென்று நிறம் வந்தது. மண்டபம். மேசைகள். வாழையிலைக்குப் பதிலாகக் கடதாசித் தட்டுகள். கடைக்காரப் பெண் தேநீரோடு வந்து அப்படியே நின்றுவிட்டார்.

ஏழு நிமிடம் மிஞ்சியிருந்தது. எல்லாம் சாப்பாட்டுக் காட்சி. எங்கள் வீடியோக்காரர்கள் மேசை மேசையாகப் போய், வாய்க்குள் சோறு வைத்திருப்பவர்களின் முகத்தில் வெளிச்சம் அடித்து எடுப்பார்களே, அதுதான். மூன்றாவது நிமிடத்தில் அம்மா ஒரு தட்டத்தில் வடையோடு குசினிக் கதவால் வந்தார். கமராவைக் கண்டதும் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“ராசா, என்னை எடுக்கவேண்டாம். வேர்த்து ஒழுகிக்கொண்டு நிக்கிறன். சாப்பிடுறவையை எடுங்கோ.”

அந்த வீடியோக்காரன், உலகத்தில் யார் சொல்லையும் கேளாதவன், அம்மாவின் சொல்லை மட்டும் கேட்டு உடனே கமராவைத் திருப்பிவிட்டான். கத்தவேண்டும்போல இருந்தது எனக்கு. திரையில் யாரோ ஒருவருடைய மாமா பாயசம் குடித்தார். அவருக்குப் பின்னாலிருந்து, ஆள் தெரியாமல், அம்மாவின் குரல் இன்னொருக்கா வந்தது.

“சின்னவனைக் கண்டனியளோ? விடியத் துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை அவன்.”

வீட்டில் என்னைத்தான் சின்னவன் என்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை கசெற்றை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு யூ.எஸ்.பி.யை அவருடைய ரிவியில் செருகினேன். ஏழு நிமிடத்தை மட்டும் வெட்டித் தந்திருந்தார் கடைக்காரப் பெண். வரும் வழியில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வசனம் வாசலிலேயே மறந்துவிட்டது. அத்தான் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சேலையைச் சரிசெய்து, செத்தவீட்டுக்கு வந்தவர்போல நிமிர்ந்து இருந்தார்.

அம்மா வந்தார். முகம் துடைத்தார். பேசினார். மாமா பாயசம் குடித்தார். அம்மாவின் குரல் மறுபடி வந்தது. திரை கறுத்தது. அக்காவின் கன்னம் நனைந்திருந்தது, ஆனால் அவர் இன்னும் திரையைப் பார்த்தபடியே காத்திருந்தார். அவருக்கு அது முடிந்துவிட்டது என்பது விளங்கவில்லை.

“மிச்சம் எங்க?”

“அவ்வளவுதான் அக்கா.”

“என்னைக் கூப்பிடேல்லையே,” என்றார். “உன்னைத்தான் தேடுறா. என்னைக் கூப்பிடேல்லை.”

“கூப்பிட்டிருப்பா. முன்னால, தாலி கட்டுற நேரம். நான்தான் அக்கா அதுக்கு மேல பதிஞ்சனான். கீழ்வீட்டு மனிசிக்காக. பார்க்காமல் பதிஞ்சுபோட்டன்.”

அக்கா ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேசியிருக்கலாம், எறிந்திருக்கலாம், நான் தயாராகத்தான் போனேன். அத்தான்தான் ஜன்னலிலிருந்து திரும்பினார். “நான் தகட்டை உடைச்சனான்,” என்றார். இந்தமுறை எனக்கு அல்ல, அக்காவுக்கு. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

நான் சப்பாத்தைப் போடும்போது அக்கா உள்ளே போய்க் கசெற்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சேலைத் துண்டு இல்லை, வெறும் கசெற்.

“உதை நீயே வைச்சிரு. எனக்கு இந்த ஏழு நிமிசம் போதும்,” என்றார். கதவு பூட்டுப்பட்ட பிறகும் நான் நடைபாதையில் நின்றேன். உள்ளே ரிவி மறுபடி தொடங்கியது. அம்மா மறுபடி என்னைத்தான் கேட்டார்.

அதன்பிறகு ஒரு மாதமாக அக்கா என்னோடு பேசவில்லை. கசெற் என் பஸ் திறப்புகள் வைக்கிற மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. காலையில் திறப்பை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். போன கிழமை நகத்தால் அந்த நீலத் துண்டைக் கிளப்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருந்தது, வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றித்தான் உரிக்கவேண்டியிருந்தது. வெங்காயம் கடைசியாக வந்தது. இனி அந்தக் கசெற்றின்மேல் யாரும் எதையும் பதிய முடியாது.